பூசணிக்கு ஊற்றிய மருந்து

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ அங்கே நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், இல்லாவிட்டால் பேனா ஓடாது. நாங்களும் இங்கே நலம் என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு வலது கண் அறுவை முடிந்து பதினெட்டு நாள் ஆகிறது, சொட்டு மருந்தை நானே நேரம் பார்த்து விடுகிறேன். இப்போது சுவரின் விரிசலெல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்கிறாள், என் சட்டைக் காலரில் இருக்கும் அழுக்கும் தெரிகிறது, ஆகவே அறுவையில் நஷ்டப்பட்டவன் நான்தான். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசி என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அது ஒரு காரணம். இன்னொன்று, வாயால் சொல்லத் தொடங்கினால் எது முன்னால் நடந்தது எது பின்னால் நடந்தது என்று எனக்கே குழம்பிவிடுகிறது. எழுதினாலாவது ஒரு வரிசைக்கு வருமா என்று பார்க்கிறேன். நீ மனிதர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிற மருந்தாளுநர், நான் கேட்கப்போவதோ பூச்சிக்கு அடிக்கிற மருந்தைப் பற்றி. இருந்தாலும் மருந்துப் புட்டியின் பின்பக்கத்தைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய ஆள் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான்.

விஷயம் இதுதான். அத்தையின் தேனீக்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. பதினாறு பெட்டியில் ஒன்பது பெட்டி காலி. அதற்குக் காரணம் நான்தானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வேறொரு மனிதர் மேல் பழி விழுந்திருக்கிறது, அதற்குச் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நாளை வியாழக்கிழமை விவசாய அலுவலகத்திலிருந்து விசாரிக்க வருகிறார்கள். ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், இனி ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஊருக்கு வெளியே நகராட்சியிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தை நீ பார்த்ததில்லை. வரிசையாக மூன்று துண்டு, இடையில் கம்பிவலை வேலி. இந்தப் பக்கம் நான், நடுவில் அத்தை, அந்தப் பக்கம் கடிகாரக்காரர். கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்கிறாரே, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு, அவர்தான். காலையில் இரண்டு மணி நேரம் பீன்ஸுக்குப் பாடுபட்டுவிட்டுப் பிறகு கடை திறப்பார். பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒன்று பேசுகிற மனிதர். அத்தை நிலத்தில் பயிரெல்லாம் கொஞ்சம்தான், மீதி முழுக்கத் தேன்பெட்டிகள். மாமா போன பிறகு அந்தப் பெட்டிகள்தான் அவளுக்குத் துணையும் பிழைப்பும். கையுறைகூடப் போடாமல் மூடியைத் திறந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன்னைத் திட்டுவாளே, அதே குரலில் அவற்றைத் திட்டிக்கொண்டு வேலை பார்ப்பாள். ஒன்றும் அவளைக் கொட்டியதாக நான் பார்த்ததில்லை. என்னை மட்டும் மாதம் ஒரு தடவை தவறாமல் கொட்டும்.

எனக்குப் பூச்சிமருந்து சகவாசம் போன பருவத்தில் முட்டைக்கோஸில் புழு விழுந்தபோது ஆரம்பமானது. விதைக்கடைக்குப் போனேன். கடையைக் கவனித்துக்கொள்கிற பெண் விவசாயம் படித்தவள், உன் வயதுதான் இருக்கும், பொறுமை மட்டும் உன்னைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு புட்டியைக் கொடுத்து ஏதோ விளக்கினாள், நான் அலமாரியில் புட்டிகளை எவ்வளவு தாறுமாறாக அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்ததால் பாதிதான் காதில் விழுந்தது. கொண்டுவந்து அடித்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் புழுக்கள் சௌக்கியமாகத் தின்றுகொண்டிருக்கின்றன. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் இது போலி மருந்து என்று கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். அவள் கோபப்படாமல், சார் இது உடனே கொல்றது இல்ல, புழு பெருசாகணும்னா பழைய தோல உரிக்கணும், இந்த மருந்து வயித்துக்குள்ள போயிட்டா புதுத் தோல் சரியா உண்டாகாது, உரிக்கிற நேரத்துல மாட்டிக்கிட்டுச் சாவும், நாலஞ்சு நாள் பொறுங்கன்னு அன்னிக்கே சொன்னேனே என்றாள். கடையில் நின்ற ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன், அவள் சொன்னது சரிதான். தலை வரைக்கும் ஏறிய சட்டை கழற்ற வராமல் மாட்டிக்கொண்ட ஆளைப் போல, ஒவ்வொரு புழுவும் பாதித் தோலோடு இலையில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் முட்டைக்கோஸ் தப்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு அவளிடம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன். ஒரு காலி அட்டைப்பெட்டியின் பின்னால் படம் போட்டு விளக்கினாள். ஒரு வகை மருந்து பூச்சியின் உடம்பில் பட்டாலே போதும், தோல் வழியாக இறங்கி நரம்பைப் பிடித்து உலுக்கும், பூச்சி துடித்துச் சாகும். ஒரு வகை இலைமேல் கிடக்கும், அந்த இலையைத் தின்றால்தான் வயிற்றுக்குள் போய் வேலை செய்யும். ஒரு வகையைச் செடியே குடித்துக்கொள்ளும், வேரில் ஊற்றினால் தண்டு வழியாக ஏறி இலையெங்கும் பரவும், சாற்றை உறிஞ்ச வருகிற பூச்சி அதையும் சேர்த்து உறிஞ்சும். கடைசி வகை நான் முட்டைக்கோஸுக்கு அடித்தது, வளரவிடாமல் செய்வது. இதைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு, ஒரு குழப்பம் நாலு தட்டாகப் பிரிந்து நிற்பதைவிடப் பெரிய சந்தோஷம் என்ன இருக்கிறது சொல். நாலு பழுப்பு நிறப் புட்டி வாங்கினேன். நாலு மருந்தையும் அதில் மாற்றி ஊற்றி அ, ஆ, இ, ஈ என்று என் கையாலேயே லேபிள் எழுதி ஒட்டினேன். கம்பெனிப் புட்டிகளைத் தூக்கிப் போட்டேன். அம்மா அப்போதே, கம்பெனிக்காரன் ஒட்டினத விட நீங்க ஒட்டினதுதான் பெருசா என்று கேட்டாள். அந்தப் பொடி எழுத்தை யார் படிப்பது, என்னுடையது பளிச்சென்று இருக்கிறது பார் என்றேன். மருந்தைப் புட்டி மாற்றக்கூடாது என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. அலமாரிக்குப் பூட்டு போட்டிருந்தேன், அந்த ஒரு புத்தியாவது இருந்தது.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். தொட்டால் கொல்கிற மருந்தை வாங்கும்போது விதைக்கடைப் பெண் ஒன்று சொன்னாள், சாயந்தரம் அடிங்க சார், அப்பதான் தேனீங்க எல்லாம் கூட்டுக்குப் போயிருக்கும், விடியறதுக்குள்ள காஞ்சு வீரியமும் கொறஞ்சிடும் என்று. பக்கத்திலேயே அத்தையின் பெட்டிகள் இருப்பதால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒரு விதி பிடித்துவிட்டால் அதை ஒரு தட்டோடு விடமாட்டேன், ஸ்டோர் முழுவதற்கும் போட்டுவிடுவேன், உனக்குத் தெரியும். நாலு புட்டியிலும் சிவப்பு மையில் "மாலையில் மட்டும்" என்று எழுதினேன். அ புட்டியை பீன்ஸில் இருந்த அசுவினிப் பூச்சிக்கு மாலையில்தான் அடித்தேன், தேனீக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அசுவினியைத் தின்று வாழ்ந்த சிவப்புப் பொறிவண்டுகளும் சேர்ந்து செத்து, தின்ன ஆளில்லாமல் அசுவினி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அது வேறு கதை. பிறகு பூசணிக் கொடியில் வெள்ளை ஈ வந்தது. இலையைப் புரட்டினால் மாவு தூவியதுபோல் அடிப்பக்கம் முழுக்க உட்கார்ந்திருக்கும். மேலே அடிக்கிற மருந்து இலையின் அடியில் எங்கே படும், சாறு உறிஞ்சுகிற பூச்சிக்குச் செடி குடிக்கிற மருந்துதான் சரி என்று நானே கண்டுபிடித்து, இ புட்டியை எடுத்தேன். அன்று நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் தெரியுமா. பூசணிப் பூ மதியத்துக்கு முன்னாலேயே சுருங்கிவிடும், இருந்தாலும் மாலைவரை காத்திருந்தேன். அத்தையின் பெட்டிகளுக்குள் கடைசித் தேனீ நுழைகிறவரை வேலியோரம் நின்று பார்த்தேன். அதன் பிறகுதான் தண்ணீரில் கலந்து ஒவ்வொரு கொடியின் வேரிலும் அளந்து ஊற்றினேன். என்னைப்போல் யோக்கியன் இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்து கை கால் கழுவினேன். ஒரே வாரத்தில் வெள்ளை ஈ போன இடம் தெரியவில்லை. கொடியெல்லாம் மொட்டு விரிந்து, தினமும் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகப் பூத்தது. அத்தையின் தேனீக்கள் வந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டு கிடந்தன.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டாள். அவள் குரலில் திட்டு இல்லை, செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். பெட்டி வாசல் பலகையில் தேனீக்கள் மல்லாந்து கிடந்து கால்களை உதறிக்கொண்டிருந்தன, சில நடுங்கியபடி வட்டம் வட்டமாக நடந்தன. ஆனால் அங்கே செத்துக் கிடந்தவை கொஞ்சம்தான். உள்ளே திறந்து காட்டினாள், அடையில் தேன் இருக்கிறது, குஞ்சு இருக்கிறது, வேலைக்குப் போகிற கூட்டம் இல்லை. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு, போனதுங்க திரும்பி வரலடா, வழி மறந்துடுச்சுங்க போல என்றாள். மாமா போனபோதுகூட அத்தை என் முன்னால் அழுததில்லை. அன்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அழுகை கோபமாக மாறியது. அதற்கு நாலு நாள் முன்னால்தான் கடிகாரக்காரர் தன் பீன்ஸுக்கு மருந்து அடித்திருந்தார். மோட்டார் வைத்த தெளிப்பானை வாடகைக்கு எடுத்துவந்து, நல்ல வெயில் ஏறிய காலையில், தேனீக்கள் சுற்றுகிற நேரத்தில், தெருக்கோடிவரை சத்தம் கேட்க வெள்ளைப் புகை மாதிரி அடித்தார். எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், பார்த்துவிட்டு, காலையில் அடிக்கிறாரே, இந்த மனிதருக்குப் படித்துப் படித்துச் சொல்ல ஒரு ஆள் இல்லையே என்று மனதுக்குள் திட்டினேன். அத்தை நேராக வேலிக்குப் போய் வாய்க்கு வந்தபடி கேட்டாள். அவர் பதில் பேசவில்லை. அவர் பேசாதது அவளுக்கு இன்னும் ஆத்திரம். அன்றைக்கே விவசாய அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டாள். காகிதத்தை என் முன்னால் நீட்டி, காலையில அவரு அடிச்சத நீ பாத்தியா இல்லையா என்றாள். பார்த்தேன் என்றேன். அப்ப போடு என்றாள். போட்டேன். நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, நன்றாகக் கவனி, அவர் அடித்தார், காலையில் அடித்தார், நான் பார்த்தேன். கேவலம் அதில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது என் மனதில் பூசணி வந்ததா இல்லையா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். சில நாள் இல்லவே இல்லை என்று தோன்றுகிறது. சில நாள் வந்தது, வந்ததால்தான் அவ்வளவு வேகமாகப் போட்டாய் என்று தோன்றுகிறது. புகார் நிரூபணமானால் நகராட்சி அவருடைய குத்தகையை ரத்து செய்துவிடும்.

இதெல்லாம் நடந்து ஐந்தாம் நாள் அம்மாவின் கண்கட்டை அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து புதுக் கண்ணைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று வீட்டில் இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். சோப்புத் தாள், மின்கட்டண ரசீதின் பின்பக்கம், ஒன்று விடவில்லை. நான் அலமாரிப் பூட்டைத் திறந்த நேரம் பார்த்து, பழுப்புப் புட்டிகளுக்கு அடியில் கறை படியாமல் இருக்க நான் மடித்துப் போட்டிருந்த ஒரு துண்டுத்தாளையும் உருவி எடுத்தாள். கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பூத்திருக்கும் பயிரிலும் பூக்கவிருக்கும் பயிரிலும் பயன்படுத்தக் கூடாது, தேனீக்களுக்குக் கடும் நஞ்சு என்று ஒரு எழுத்துகூடத் தடுமாறாமல் படித்துவிட்டு, ஆஹா எவ்வளவு தெளிவா தெரியுது பாருங்க என்றாள். அப்புறம்தான் அர்த்தம் மண்டையில் ஏறி, இது எந்த புட்டியோடதுங்க என்று கேட்டாள். தெரியாது என்றேன். தாளின் தலைப்பில் இ மருந்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதிலிருந்து அவள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாள், முகத்தப் பாத்தாலே தெரியுது என்னமோ முழுங்கிட்டு நிக்கிறீங்க என்று நேற்றுக்கூடச் சொன்னாள்.

மறுநாளே விதைக்கடைக்கு ஓடினேன். பூசணி, வேர், இரண்டு வாரம் என்று நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் மாறிக்கொண்டே போனது. சார், சாயந்தரம்னு நான் சொன்னது மேல அடிக்கிற மருந்துக்கு, வேர்ல ஊத்துறதுக்குக் காலை மாலை எல்லாம் கிடையாது, செடி அத குடிச்சிடும், இலையில வரும், தண்டுல வரும், பூவோட தேன்லயும் மகரந்தத்துலயும் வரும், நீங்க எந்த நேரத்துல ஊத்தியிருந்தாலும் பூ பூக்குறப்போ தேனீ அதத்தான் குடிக்கும் என்றாள். கொஞ்சமாகக் குடித்தால் உடனே சாகாதாம், தலை கலங்கி வீட்டுக்கு வழி தெரியாமல் போகுமாம். அப்படியானால் நான்தான் காரணமா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது சார், தேனீ ரெண்டு மூணு கிலோமீட்டர் போயி மேயும், வேற யாரு தோட்டத்துல என்ன குடிச்சுதோ, நோய் வந்தும் சாவும், நீங்க ஊத்தினது எத்தனை கொடி என்றாள். இருபத்தெட்டு என்றேன். உதட்டைப் பிதுக்கினாள். அப்படியானால் நான் காரணம் இல்லையா என்றேன். அப்படியும் சொல்ல முடியாது சார் என்றாள். நான்கு வகையாகத் தட்டில் அடுக்கிய விஷயம் மொத்தமும் சரிந்து என் தலைமேலேயே விழுந்ததுபோல் இருந்தது. கடையை விட்டு வந்து, வந்த பேருந்து எது என்று பார்க்காமல் ஏறி, எதிர்த்திசையில் நாலு நிறுத்தம் போய்விட்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கடிகாரக்காரர் அடித்தது என்ன மருந்து என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அவர் அடித்ததும் கடும் நஞ்சாக இருந்துவிட்டால் எனக்கு நிம்மதி, இதைவிட மட்டமான ஆசை ஒரு மனிதனுக்கு வருமா. வாட்ச் வார் அறுந்துவிட்டது என்று நானே அறுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு வாரை மாட்டிக்கொண்டிருந்தவரிடம், பீன்ஸுக்கு என்னங்க அடிச்சீங்க என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து முன்னால் வைத்தார். கிருமித் தூள். மண்ணில் இருக்கிற ஒரு நுண்ணுயிராம், புழு அதைத் தின்றால் குடல் வெந்து சாகுமாம், புழுவின் வயிற்றில்தான் அது வேலை செய்யும், தேனீயை ஒன்றும் செய்யாதாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கடையிலேயே கேட்டுத்தான் சார் வாங்கினேன், தேனீக்கு ஆகாதது எதுவும் வேணாம்னேன், பக்கத்துல அக்காவோட பெட்டி இருக்கே என்றார். அப்படியானால் அவள் கத்தியபோது இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அழுதுக்கிட்டு இருக்கறவங்ககிட்ட பொட்டலத்தக் காட்டி நியாயம் பேசணுமா சார், வியாழக்கிழமை வர்றவங்க பாத்துச் சொல்லட்டும் என்றார். சாட்சி நான் என்பது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று தெரியவில்லை. வாரை மாட்டி, கண்ணாடியைத் துடைத்து, என் கையில் அவரே கட்டிவிட்டார்.

அது நேற்று. அதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே, அந்தத் தாளில் இருந்ததைக் கேட்ட நாளிலிருந்து, நான் தினமும் விடிந்ததும் நிலத்துக்குப் போய்த் தேனீ வருவதற்குள் பூசணிப் பூவையெல்லாம் கிள்ளிக் குழியில் போட்டு மூடுகிறேன். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது பூ. கொடியையே பிடுங்கிப் போட்டால் அத்தை கேட்பாளே என்று பூவை மட்டும் கிள்ளினேன், அதற்கும் கேட்டாள். என்னடா பண்றே என்றாள். காய் அதிகமாகப் பிடித்தால் கொடி தாங்காது என்றேன். அது இரண்டாவது பொய். வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் மூன்றாவது. இவ்வளவு நாள் நான் பொய் சொன்னதே இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அத்தையிடம் சொன்னதில்லை. என்னைவிட ஏழு வயது மூத்தவள், என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவள், பச்சைத் தண்ணீர் எரிகிறது என்று நான் சொன்னாலும் நம்புவாள். அதுதான் என்னைக் கொல்கிறது.

உன்னிடம் கேட்கவேண்டியதை ஒழுங்காகக் கேட்கிறேன். நான் ஊற்றியது பூவுக்குள் போயிருக்குமா. இருபத்தெட்டுக் கொடி ஒன்பது பெட்டியைக் காலி பண்ணுமா. மிச்சம் இருக்கிற ஏழு பெட்டிக்கு மாற்று மருந்து எதுவும் உண்டா. மனிதனுக்கு நஞ்சு இறக்குகிற மருந்து வைத்திருக்கிறீர்கள், தேனீக்கு யாரும் செய்து வைக்கவில்லையா. ஆனால் உன் பதில் வந்து சேர்வதற்குள் வியாழக்கிழமை போய்விடும் என்பதும் எனக்குத் தெரிகிறது. ஆகவே நான் உண்மையில் உன்னிடம் கேட்கவில்லை, கேட்பதுபோல் எழுதி எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. காரணம் நானா என்று தெரிந்த பிறகு சொல்லலாம் என்றுதான் இத்தனை நாளும் காத்திருந்தேன். தெரியப்போவதில்லை. தெரியாமலே சொல்லவேண்டியதுதான் போலும். இன்று காலையிலிருந்து மூன்று தடவை அத்தை வீட்டு வாசல்வரை போனேன். முதல் தடவை மண்வெட்டி கேட்டு வாங்கிவந்தேன். இரண்டாவது தடவை மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை அவளே, இப்ப என்னடா வேணும் என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். வாயில் வராதது காகிதத்தில் வந்துவிட்டது. அதனால் இதை உறையில் போடாமல் அப்படியே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து, படி என்று சொல்லிவிட்டு வாசலில் உட்காரப் போகிறேன். அவள் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டால் உனக்கு இந்தக் கடிதம் வராது. வந்தால், கிழிக்கவில்லை என்று வைத்துக்கொள்.

நீ நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறாய், குதிகாலுக்கு மெத்தையுள்ள செருப்பு வாங்கு. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. மருந்து எழுதிய சீட்டை இரண்டு தடவை படி, உனக்குத் தெரிந்த விதி என்று எல்லாவற்றுக்கும் போட்டுவிடாதே, இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் அப்பா சொல்லாமல் யார் சொல்வது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும், கடன் இல்லாமல், கண்ணீர் இல்லாமல், மறைக்க ஒன்றும் இல்லாமல். அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, இப்போது அவளே படித்துக்கொள்வாள்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அப்பா

கண்ணு, இது அத்தை எழுதுவது. கிழிக்கவில்லை. மிச்சம் இருந்த இடத்தில் எழுதுகிறேன். முதல் பக்கத்தை நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பன் வாசலில் இருக்கிறான், அவனிடம் எதில் ஆரம்பிப்பேன் என்று எனக்கே தெரியாது. அவன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று எழுதமாட்டேன். ஆனால் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், அதை இந்தக் காகிதத்திலேயே எழுதிவிடுகிறேன். தேனீயின் உடம்பில் உண்ணி பிடிக்கும், அதைக் கொல்ல மருந்து நனைத்த பட்டையைப் பெட்டிக்குள் தொங்கவிடவேண்டும், பெட்டிக்கு இரண்டு. உண்ணி அதிகமாக இருந்ததென்று நான் நாலு நாலாகத் தொங்கவிட்டேன். எடுக்கவேண்டிய நாளுக்கு மேல் இரண்டு வாரம் விட்டேன். அளவோடு வைத்தால் உண்ணி மட்டும் சாகும், மீறினால் அது தேனீயையும் விடாது. முதல் பெட்டி காலியான அன்று எல்லாப் பட்டையையும் உருவி அடுப்பில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, உன் அப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன், பிறகு வேலிக்குப் போய் அந்த மனிதரைக் கத்தினேன். சந்தேகம் யாருக்கும் என் மேல் வரக்கூடாது, முக்கியமாக எனக்கே வரக்கூடாது என்றுதான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன். ஆகவே என் பிள்ளைகளைக் கொன்றது அவன் பூசணியா என் பட்டையா என்று நீ எவ்வளவு படித்திருந்தாலும் உன்னால் சொல்ல முடியாது. அந்த மனிதர் இல்லை என்பது மட்டும் இந்த வாசலில் இருக்கிற இரண்டு பேருக்கும் தெரியும். அவர் ஆறு மணிக்குக் கடையை அடைப்பார், இப்போது ஐந்தே கால். இதை உறையில் போட்டு ஒட்டி, தபால்பெட்டியில் போட்டுவிட்டு அப்படியே அவர் கடைக்குப் போகிறோம். நீ நன்றாக இரு. பதில் எழுதினால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றாக எழுது. செருப்பை மாட்டிவிட்டேன், உன் அப்பனும் எழுந்துவிட்டான், அங்கே போய் யார் முதலில் வாயைத் திறப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

உன் அத்தை